ஒன்பதாவது வார்டின் கடைசிக் கேபின்

மனித இனம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது, இறுதியாக 2038ஆம் ஆண்டு சித்திரை முதல் நாள் காலை பத்து மணிக்கு உண்மையைக் கண்டுபிடித்தது. மணப்பாறை ஒன்பதாவது வார்டு வெளிப்படைக் குழுவின் தலைவர் முனைவர் கோ. பெரியநாயகம் திறப்புவிழாவில் இப்படித்தான் பேசினார். பேசி முடித்துத் திரையை இழுத்தார். திரைக்குப் பின்னால் ஒரு பலகை இருந்தது. பலகையில் ஒன்றும் இல்லை. வார்டு ஆபீஸில் வேலை பார்க்கும் குருவம்மாள், முந்தைய நாள் மழையில் காகிதம் நமத்துவிட்டது என்று அதைத் தன் வீட்டுக் கொடியில் காயப்போட்டிருந்தாள். உண்மை வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை நாதஸ்வரம் வாசித்தார்கள்.

சட்டம் எளிமையானது. ஒரு வீட்டில் இருப்பவர்கள் இணையத்தில் எந்தெந்தத் தளத்தின் பெயரை விசாரித்துப் போனார்கள் என்பது ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வார்டுப் பலகையில் ஒட்டப்படும். போன இடத்தில் என்ன படித்தார்கள், யாருடன் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அவரவர் சொந்த விஷயம், அதில் அரசு மூக்கை நுழைக்காது. யார் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள் என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்தால் போதும். மக்கள் திருந்திவிடுவார்கள்.

திருந்தினார்கள். முதல் மாதப் பட்டியலில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் இருநூற்று ஒன்பது வீடுகள் முருகன் கோயில்களை விசாரித்திருந்தன. ஓய்வுபெற்ற சார்பதிவாளர் ஒருவர் தினமும் காலை எட்டு மணிக்கு மழையளவை விசாரித்தார். சினிமா என்ற ஒன்றையே ஊர் மறந்துபோனது. மூலம் இருந்தவர்கள் மூலத்தோடு இருந்தார்கள். கிழக்குத் தெரு நர்சரிப் பள்ளி டீச்சர் கிரேஸி, மார்பில் ஒரு கட்டியோடு ஏழு மாதம் எதையும் யாரிடமும் விசாரிக்காமல் இருந்தார். பலகையில் அவர் வீட்டு வரி கடைசிவரை சுத்தமாக இருந்தது. இரங்கல் கூட்டத்தில் பெரியநாயகம் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

இதற்கு அடுத்த வருடம், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, பெரியநாயகத்தின் மனைவி தவமணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சவரிமுத்துவின் கடைக்கு வந்தார்.

கடைக்கு இன்னமும் ஜெட் நெட் பிரவுசிங் சென்டர் என்றுதான் பெயர். பிரவுசிங் செய்ய யாரும் வந்து இருபது வருடமாகிறது. எல்லோரும் காதில் பொத்தான் மாட்டிக்கொண்டு, வேண்டியதை முணுமுணுத்தால் அது பதில் சொல்லிவிடுகிறது. சவரிமுத்து அந்தப் பொத்தான்களைத் துடைத்து, செல் மாற்றிக் கொடுத்துப் பிழைக்கிறார். ஆனால் கடையின் பின்பக்கம், பழைய ஆறு கேபின்களில் ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது. பாசத்தால் அல்ல. அந்தப் பிளைவுட்டைக் கழற்றினால் சுவரும் கூட வரும் என்று ஆசாரி சொல்லிவிட்டார்.

ஒரு காலத்தில் அந்த ஆறு கேபின்களுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடக்கும். பிளஸ் டூ ரிசல்ட் அன்று கூட்டம் ரோட்டைத் தாண்டி டீக்கடை வரைக்கும் நிற்கும். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி, கொஞ்சம் இருமி, மூச்சுவிட்டு, கடைசியில் பேசாமலாகும். பேசாமலானால் நெட் வந்துவிட்டது என்று அர்த்தம். மார்க் தெரிந்ததும் கேபினுக்குள்ளிருந்து முதலில் விசும்பல் வரும், பிறகு அம்மா வெளியே வருவாள். போலீஸ் உத்தரவுப்படி வாசலில் ஒரு நோட்டு. வருகிறவர்கள் பெயரும் விலாசமும் எழுத வேண்டும். அந்த நோட்டை நம்பினால், 2006இல் மணப்பாறையில் நாற்பத்தேழு எஸ். குமார்கள் வசித்தார்கள், அனைவருக்கும் மெயின் ரோடு.

யார் எழுந்து போனாலும் சவரிமுத்து உள்ளே போய், கம்ப்யூட்டரில் அவர் போன தடத்தைப் படிக்காமல் அழித்துவிடுவார். இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சலூனில் ஒரு தலை முடிந்ததும் கீழே கூட்டுகிற மாதிரி அவர் பாட்டுக்குச் செய்வார். ஊரில் பாதிப் பேரின் ரகசியம் அவர் விரல் வழியாகப் போயிருக்கிறது, ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை.

"காதுப் பொத்தான் கரகரங்குது தம்பி," என்றார் தவமணி.

சவரிமுத்து காதில் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு அக்கா."

"இருக்கட்டும். தொடை."

துடைத்தார். தவமணி போகவில்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பழைய பெட்டி இன்னும் ஓடுதா?"

"பெட்டி ஓடும். விண்டோஸ் எக்ஸ்பி போட்டது. நேத்துக்கூடப் போட்டுப் பார்த்தேன், திரையில பச்சை மேடு வந்துச்சு. அதுல என்ன பண்ணப் போறீங்க? அதுவும் பேரை வெளியில விசாரிச்சுத்தானே ஆகணும். ஞாயித்துக்கிழமை பலகையில வந்துரும்."

"அது ஏன் விசாரிக்கணும்? பேரைத்தான் நாம சொல்றோமே."

"கம்ப்யூட்டருக்குப் பேரு புரியாதுக்கா, நம்பர்தான் புரியும். நீங்க ஒரு பேரைச் சொன்னா அது வெளியில ஒரு ஆள்கிட்டப் போய், இந்தப் பேருக்கு எந்த நம்பர்னு கேக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி, பங்க் கடையில மூலத்துக்குப் பார்க்கற டாக்டர் வீடு எதுன்னு கேக்கற மாதிரி. கடைக்காரர் வழியும் சொல்லுவாரு, நம்ம மூஞ்சியையும் பார்த்துக்குவாரு. இப்ப அந்த பங்க் கடையில உக்காந்திருக்கறது நம்ம சார்தான்."

"ரகசியமா விசாரிக்க வழியே இல்லையா?"

"பொத்தான்ல இல்ல. சில்லுக்குள்ளயே பூட்டிட்டாங்க. பழைய பெட்டியில…" பதினைந்து வருடத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. "அப்ப ஒரு புரோகிராம் இருந்துச்சு. கேள்வியை உறையில போட்டு ஒட்டி, தூரத்துல இருக்கற வேற ஒரு ஆளுக்கு அனுப்பும். பதிலும் உறையிலயே வரும். நடுவுல இருக்கற வார்டு ஆபீஸுக்கு உறை போறது தெரியும், உள்ள இருக்கறது தெரியாது."

"சட்டம் ஒண்ணும் சொல்லாதா?"

"பழைய பெட்டியைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்ல. அதெல்லாம் செத்துப்போன ஜாதின்னு சார்தான் எழுதிக் கொடுத்தாராம்."

"அவர் அப்படித்தான்," என்றார் தவமணி. "உசுரோட இருக்கறதை எல்லாம் செத்துப்போச்சுன்னு எழுதிருவாரு."

அது யாரைப் பற்றி என்று சவரிமுத்துவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். சட்டம் வருவதற்குமுன் திருச்சியில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மேடையில் பெரியநாயகம். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, இது ஊரைத் திருத்தாது, ஊரை நடிக்க வைக்கும், நோயாளியைக்கூட நடிக்க வைக்கும் என்று பத்து நிமிடம் பேசினாள். கை தட்டினார்கள். அந்தப் பெண் நித்திலா, அவருடைய ஒரே மகள். பெரியநாயகம் மைக்கை வாங்கி, கேமராக்களைப் பார்த்து, "பொதுவாழ்வில் எனக்கு மகள் இல்லை" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து, இனி அவளோடு பேசுவதில்லை என்று தவமணியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"பேச மாட்டேன்னுதான் சொன்னேன்," என்றார் தவமணி. "படிக்க மாட்டேன்னு சொல்லலை. நாசிக்ல இருக்கா. அவ பேர்லயே ஒரு பக்கம் வெச்சு தினம் எதையோ எழுதறாளாம். முழுகாம இருக்கான்னு என் தங்கச்சி சொன்னா. முப்பத்தஞ்சு வயசுல மொத பிள்ளை. வீட்டுல பார்த்தா தலைவர் வீட்டு வரியில அவ பேரு வரும். அப்புறம் இவர் சாப்பாட்டை நிறுத்திருவாரு, ஊர் எங்களைப் பார்த்துச் சிரிக்கும், தங்கச்சியும் வாயைத் திறக்க மாட்டா. எனக்கு இருக்கறது இந்த ஒரு சந்துதான் தம்பி."

"அடுத்த புதன் வாங்கக்கா," என்றார் சவரிமுத்து. குரலில் பழைய முதலாளி வந்திருந்தார்.

அந்த ஒரு வாரம் அவர் இருபது வருடம் இளமையாக இருந்தார். பிஸ்கட் டின்னிலிருந்த சி.டி.க்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துச் செருகினார். கல்யாண வீடியோ வந்தது, இன்னொரு கல்யாண வீடியோ வந்தது, ஆறாவதாகப் புரோகிராம் வந்தது. விண்டோக்களைத் திறந்து மூடுகிறபோது வருகிற அந்தச் சின்ன ஓசையைக் கேட்க, வேண்டாத விண்டோக்களையும் திறந்து மூடினார். கட்டங்களில் எண்களைத் தட்டினார். எல்லாம் முடித்து ஓடவிட்டால், ஓட மறுத்தது.

புதன்கிழமை தவமணி வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தபோதும் அது மறுத்துக்கொண்டிருந்தது.

"என்னவாம்?"

"உறைக்கு முத்திரை வேணும்ல. அந்த முத்திரைக்கு ஒரு தேதி உண்டு. இது போன வருஷம் போட்ட முத்திரை. பெட்டிக்குள்ள பேட்டரி செத்துப் போனதால கடிகாரம் பழைய வருஷத்துல நிக்குது. இன்னும் வராத தேதியில போட்ட முத்திரை செல்லாதுங்குது."

"நேரத்தை மாத்து."

"அது தானா நெட்ல கேட்டு மாத்திக்கும்க்கா, அதான் முறை. ஆனா நெட்ல கேக்கணும்னா பேரை விசாரிக்கணும். விசாரிக்கணும்னா உறை வேணும். உறை ஒட்டணும்னா நேரம் சரியா இருக்கணும். மூணு நாளா இதுலதான் நிக்கறேன். உலகத்துலயே இது ஒரு பெரிய சிக்கல்."

தவமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு இருபது. தட்டு."

சவரிமுத்து திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தைத் திறந்தார். தட்டுவதற்குக் கை போனது. தவமணி அவர் கையைத் தடுத்தார்.

"இது என்ன வருஷம்னு காட்டுது?"

"ரெண்டாயிரத்து ஆறு. ஜனவரி ஒண்ணு."

திரையில் பச்சை மேடும் நீல வானமும் இருந்தன. வெளியே பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ்காரர் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நித்திலாவுக்கு ரெண்டு வயசு," என்றார் தவமணி. "பவுடர் டப்பாவைத் தரை பூரா கொட்டிட்டு அது மேல உக்காந்திருக்கா. இவர் காலேஜ்லேருந்து வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம அவளைத் தூக்கி, சட்டை பூரா பவுடர். திட்டவே இல்லை. அந்தச் சட்டையோட கோயிலுக்கு வந்தாரு." பிறகு, "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டுமா தம்பி?"

சவரிமுத்து ஒரு காதுப் பொத்தானை எடுத்து, ஏற்கெனவே துடைத்ததைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்துத் தவமணியே எழுந்து வந்து 2039 என்று ஒற்றை விரலால் தட்டினார். திரையின் கீழ்மூலையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. புரோகிராம் தயார்.

நித்திலாவின் பக்கம் திறந்தது. படம் இல்லை, அசைவு இல்லை, வெறும் எழுத்து.

"இந்தக் காலத்துல இப்படி யாரும் பண்ண மாட்டாங்க," என்றார் சவரிமுத்து. "எந்தப் பழைய பெட்டியிலயும் திறக்கணும்னு பண்ணியிருக்கு. பத்து வயசுல புராஜெக்ட் எடுக்க வந்து, என் கடையில கத்துக்கிட்டது."

தவமணி திரைக்குக் கிட்டே குனிந்தார். நித்திலா எழுதியிருந்தாள்: வாடகை வீட்டு மாடியில் கறிவேப்பிலைச் செடி மூன்றாவது முறையும் பிழைக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த வெல்லப் போளி நம் ஊர்ப் போளி மாதிரி இல்லை, கால் வீங்கியிருக்கிறது ஆனால் டாக்டர் சிரித்துக்கொண்டே பயப்படாதே என்கிறார். தவமணி அதையெல்லாம் இரண்டு முறை படித்தார். அவர் போன பிறகு சவரிமுத்து உள்ளே போய்த் தடத்தை அழித்தார்.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, முனைவர் பெரியநாயகம் வந்தார். கையில் ஃபைல். சட்டைப்பையில் இரண்டு பேனா.

"சவரிமுத்து, இங்கே ஒரு பழைய இயந்திரம் இயங்குவதாகக் குழுவுக்குத் தகவல்."

சவரிமுத்து எழுந்து நின்றார். "இயங்குதுங்க சார். சும்மா. காட்சிக்கு."

"காட்சி என்றாலும் ஆய்வு அவசியம். நீ வெளியே இரு. ஆய்வில் மூன்றாம் நபர் இருக்கக் கூடாது."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "இது இரண்டாயிரத்து ஆறு என்கிறதே?"

"ஆமாங்க சார். தேதியை மட்டும் போட்டுக்கணும். பச்சை விளக்கு எரிஞ்சா சரி."

ஆய்வு நாற்பது நிமிடம் நடந்தது. வெளியே வந்தவரின் கண்ணாடி கையில் இருந்தது. "எதிர்த்தரப்பின் வாதங்களைத் தெரிந்துகொள்வது ஒரு தலைவனின் கடமை," என்றார், யாரும் ஒன்றும் கேட்காதபோது. "அடுத்த வாரமும் ஆய்வு உண்டு."

அன்றிலிருந்து புதன் பதினொரு மணிக்கு மனைவி, வெள்ளி நான்கு மணிக்குக் கணவர். சவரிமுத்து தடத்தைப் பார்ப்பதில்லை; ஆனால் பிளைவுட் அரை அங்குலம்தான். எதிர்த்தரப்பின் வாதங்களில் கறிவேப்பிலைச் செடியும் உண்டு என்பதை, உள்ளேயிருந்து வந்த ஒரு முணுமுணுப்பில் தெரிந்துகொண்டார். "மண்ணில் சுண்ணாம்பு அதிகம், மோரைக் கரைத்து ஊற்றச் சொன்னால் கேட்பாளா," என்று யாரோ திரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருவரில் யாரிடமும் மற்றவரைப் பற்றிச் சொல்லிவிடலாம். ஒரே வார்த்தையில் ஒரு வீடு சரியாகிவிடும். சவரிமுத்துவுக்கு வாய் வரை வந்தது. ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறது. கேபின் நாலுக்கு வந்தவரைப் பற்றிக் கேபின் ஐந்திடம் சொன்னதில்லை. இப்போது கேபின் ஐந்து இல்லாவிட்டாலும்.

பதினான்காவது வாரம் புதன்கிழமை நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. தவமணி வந்து, உட்கார்ந்து, திரும்பிப் போனார். வெள்ளிக்கிழமை நாலேகாலுக்கு மறுபடி வந்தார். சவரிமுத்து பதறி எழுந்தார். திரைச்சீலை மூடியிருந்தது. உள்ளே யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

தவமணி கேபின் வாசலைப் பார்த்தார். அங்கே ஒரு ஜோடி செருப்பு இருந்தது. பழுப்புத் தோல், இடது காலில் மட்டும் வெளிப்புறம் தேய்ந்தது. போன மாதம் அவரே தைக்கக் கொடுத்து வாங்கி வந்தது.

ஒரு நிமிடம் நின்றார். சவரிமுத்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். தவமணி கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து, தள்ளித் தள்ளிக் கிடந்த இரண்டு செருப்பையும் சேர்த்து வைத்தார்.

"நான் ஞாயித்துக்கிழமை வரேன் தம்பி," என்றார், மிகவும் மெதுவாக. "அன்னைக்கு இவர் திருச்சியில பட்டம் வாங்கப் போறாரு."

அவர் போய்க் கால்மணி நேரம் கழித்துப் பெரியநாயகம் வெளியே வந்தார். முகம் கழுவியது போல் இருந்தது. கேபினில் தண்ணீர் கிடையாது.

"என்ன சார், ஆய்வு முடிஞ்சுதா?"

"எதிர்த்தரப்பில்," என்றார் பெரியநாயகம், செருப்பைத் தேடாமலே காலை நுழைத்தபடி, "ஒரு புதிய உறுப்பினர் சேர்ந்திருக்கிறார்."

ஞாயிறு காலை தவமணி வந்து உள்ளே போனார். சவரிமுத்து கல்லாப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். உள்ளே சத்தமே இல்லை. பத்து நிமிடமாகியிருக்கும், வாசலில் குருவம்மாள் வந்து நின்றாள். ஒரு கையில் மைதாப் பசை வாளி, கக்கத்தில் சுருட்டிய தாள்.

"அண்ணே, உங்க கடை பேரு பட்டியல்ல வந்திருக்கு."

"என் கடையா? வாய்ப்பே இல்ல குருவம்மா."

குருவம்மாள் தாளை விரித்துக் கடைசி வரியில் விரலை வைத்தாள். ஜெட் நெட். நித்திலாவின் பெயர். வெள்ளி, மாலை 4.05.

சவரிமுத்து மூன்று முறை படித்தார். "இருக்க முடியாது. பச்சை விளக்கு எரியுது. எல்லாம் உறையில போகுது."

"உறையோ கறியோ எனக்கென்ன தெரியும். பதிமூணு வாரமாத் தாள் ஒரு விரக்கடை குறைச்சலா வந்துச்சு. அளவு பார்த்துப் பசை காய்ச்சறவ நான், எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை சாயங்காலம் தலைவரு கையெழுத்துப் போடறேன்னு ரூமைச் சாத்திக்குவாரு. வெளியில வரும்போது அடியில ஒரு துண்டு வெட்டியிருக்கும். நேத்து வெட்டலை. மேசையில கத்திரிக்கோல் அப்படியே கிடந்துச்சு. கையெழுத்து மட்டும் போட்டுட்டுத் திருச்சிக்குக் கிளம்பிட்டாரு."

"பதிமூணு வாரமாவா?"

"பதிமூணு."

சவரிமுத்து மனதுக்குள் எண்ணினார். தவமணி முதன்முதலில் பக்கத்தைத் திறந்த வாரத்திலிருந்தே பெரியநாயகம் வெட்டியிருக்கிறார். ஆய்வுக்கு வருவதற்கும் இரண்டு வாரம் முன்னால். அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை ஃபைலும் கையுமாக வந்து நின்றபோதே, புதன்கிழமை பதினொரு மணிக்கு இங்கே யார் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்குத் தெரியும்.

"குருவம்மா, இதை ஒட்டாத. நீயே வெட்டிரு."

"நான் ஒட்டறவ. வெட்டறவ இல்ல. நாளைக்கு யாராவது அளந்து பார்த்தா என் வேலை போயிரும்."

"ஊரே சிரிக்கும்."

"யாரு, படிச்சா?" என்றாள் குருவம்மாள். "ஒன்றரை வருசமா நான் ஒட்டிட்டு அந்தாண்ட உக்காந்து வெத்தலை போடறேன். வரவங்க எல்லாம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்து அவங்கவங்க வீட்டு வரியைப் பார்ப்பாங்க. சுத்தமா இருக்கான்னு பார்த்துட்டு, பெருமூச்சு விட்டுட்டுப் போயிருவாங்க. அடுத்தவன் வரியைப் படிக்க யாருக்கு நேரம்? டீச்சரம்மா வரியை யாராவது படிச்சிருந்தா, என்னடா இந்தம்மா எதையுமே கேக்கலையேன்னு தோணியிருக்காதா?"

திரைச்சீலை விலகியது. தவமணி வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் எதையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டவரின் தெளிவு. தாளை வாங்கி அந்த வரியைப் படித்தார். கிழமையையும் நேரத்தையும் படித்தார்.

"பொண் குழந்தை," என்றார், இருவருக்கும் பொதுவாக. "மூணு கிலோ. ரெண்டு பேரும் சுகம். வியாழக்கிழமை பொறந்திருக்கு. இவருக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். எனக்கு எதிர்ல உக்காந்து ரெண்டு நாளாச் சோறு தின்னுக்கிட்டு, வாய் திறந்து சொல்லத் தெரியாம முழிச்சிருக்காரு. சாம்பாருக்கு உப்புப் பத்தலைன்னு மட்டும் நாலு தடவை சொன்னாரு. சரியாத்தான் இருந்துச்சு."

"அக்கா, இதை என்ன பண்ண?" என்றார் சவரிமுத்து.

"ஒட்டும்மா," என்றார் தவமணி, குருவம்மாளிடம் தாளை நீட்டி. "பசையை நல்லாத் தடவு. காத்துல பிரிஞ்சுறப் போகுது."

குருவம்மாள் ஒட்டினாள். அன்று மாலைவரை நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பலகையைப் பார்த்துப் போனார்கள். சார்பதிவாளர் மட்டும் வெகு நேரம் நின்றார். மழையளவை ஏழு நாளும் விசாரித்திருக்க, ஆறு என்று அச்சாகியிருந்தது. புகார் எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை பெரியநாயகம் பலகைக்கு முன்னால் வந்து நின்றதைக் குருவம்மாள் பார்த்தாள். தோளில் திருச்சியில் போட்ட சால்வை அப்படியே இருந்தது. கடைசி வரியைப் படித்தார். அதன் ஓரம் கொஞ்சம் மேலெழும்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பலகைச் சட்டத்தின் எல்லைக்குள் வராது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். பெரியநாயகம் கையில் ஃபைல் இல்லை.

"இனிமே வீட்டுலயே பார்க்கலாமேக்கா," என்றார் சவரிமுத்து.

"வீட்டுல இவர் தலைவர்," என்றார் தவமணி. "இங்கதான் மனுஷனா உக்கார்றாரு."

பெரியநாயகம் அதைக் கேட்காதவர் போலத் தொண்டையைச் செருமினார். "சவரிமுத்து, ஒரு தொழில்நுட்ப ஐயம். உன்னுடைய இந்த உறை ஏற்பாடு முதல் நாளிலிருந்தே கசிந்திருக்கிறது. எப்படி?"

சவரிமுத்து இதற்குத் தயாராக இருந்தார். மூன்று நாளாகத் தூங்காமல் யோசித்தது. "குவாண்டம் சார்."

"ம்."

"மேலிடத்துல குவாண்டம் மெஷின் வாங்கியிருப்பாங்க. உலகத்துல எந்த உறையையும் பிரிச்சிரும். நம்ம பெட்டி அதையும் எதிர்த்துப் போராடியிருக்கு. அது முன்னாடி எதுவும் நிக்காதுங்க சார்."

பெரியநாயகம் மெதுவாகத் தலையை ஆட்டினார். "எதிர்பார்த்ததுதான்," என்றார். தன் சட்டத்துக்கு இவ்வளவு பெரிய இயந்திரம் துணை நின்றதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இருவரும் உள்ளே போனார்கள். நித்திலாவின் பக்கத்துக்குக் கீழே, படிப்பவர்கள் ஏதாவது எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு.

"நான் பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்," என்ற தவமணியின் குரல் வெளியே கேட்டது. "நீங்க மைக்கைப் பிடிச்சு அறிக்கைதானே விட்டீங்க. சத்தியம் ஒண்ணும் பண்ணலையே. எழுதுங்க."

தட்டும் ஓசை. நீண்ட ஓசை.

"என்ன இது, 'வரலாற்றுச் சிறப்புமிக்க இத்தருணத்தில்'? அவ பிள்ளை பெத்திருக்கா, பாலமா கட்டியிருக்கா? அழிங்க."

அழிக்கும் ஓசை. மறுபடி தட்டும் ஓசை, இப்போது ஒற்றை விரலில், இடைவெளி விட்டு விட்டு. அது முக்கால் மணி நேரம் நடந்தது. கடைசியில் உள்ளே எவ்வளவு மிஞ்சியது என்பது சவரிமுத்துவுக்குத் தெரியாது. அவர்கள் போன பிறகு உள்ளே போய், வழக்கம்போல் படிக்காமல் தடத்தை அழித்தார்.

பிறகு, பெட்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று, முதல் முறையாக நெட் இணைப்புகளின் பக்கத்தைத் திறந்து நிதானமாகப் பார்த்தார். அங்கே இரண்டு இணைப்புகள் இருந்தன. புரோகிராம் பதினான்கு வாரமாகப் பச்சை விளக்கோடு காத்திருந்தது. அதனிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை; கேள்விகள் எல்லாம் உறையில்லாமலே வார்டு ஆபீஸுக்குப் போயிருந்தன. கேள்விகளை அதனிடம் கொடுக்கச் சொல்லும் எண்ணைச் சவரிமுத்து முதல் இணைப்பின் கட்டத்தில் தட்டியிருந்தார். அது 2011இல் இடி விழுந்து கருகிப்போன நெட் கார்டு. கேபிள் செருகியிருந்தது இரண்டாவதில்.